நடுத்திட்டு வாராவதி

பழவேற்காட்டு ஏரியில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் தன் குடும்பத்தைக் கேட்டுத்தான் என்று நீலமேகம் சொன்னார். சிரிக்காமல் சொன்னார். சுற்றி உட்கார்ந்திருந்த முப்பத்திரண்டு தலைக்கட்டுகளும் சிரிக்கவில்லை. தலைக்கட்டு என்றால் குடும்பம். வீட்டின் மூத்த ஆண் மணலில் உட்கார்ந்துவிட்டால் வீடே வந்து உட்கார்ந்துவிட்டது என்பது நடுத்திட்டின் வழக்கம்.

"எங்க பாட்டன் காலத்துல கடல் வந்து முகத்துவாரத்துல நின்னுச்சு. 'உள்ள வரலாமா?'ன்னு கேட்டுச்சு. 'வா, ஆனா வூட்டுக்குள்ள வராதே'ன்னாரு பாட்டன். அன்னிலேர்ந்து வந்துகினுதான் இருக்குது. வூட்டுக்குள்ள வந்துச்சா?"

வந்தது. முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசிப் புயலில், ஏழு வீடுகளுக்குள் வந்து பானைகளையும் ஒரு கிழவரையும் எடுத்துக்கொண்டு போனது. அதை அந்த நேரத்தில் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

கூட்டம் கூடியது கடலின் நன்னடத்தையைப் பற்றிப் பேச அல்ல. தருமலிங்கத்தின் மகள் தேவகிக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிப் பேச.

நடுத்திட்டு, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் கிடந்த ஒரு மணல்மேடு. அதற்கும் பழவேற்காட்டுக்கும் இடையே ஒரு கால்வாய். முகத்துவாரத்தில் நுழையும் பாய்மரப் படகுகள் எல்லாம் அந்தக் கால்வாய் வழியாகத்தான் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்களின் கோட்டைக்குப் போகும். திட்டின் ஆண்கள் அதைத் தோணியில் கடந்தார்கள். பெண்கள் நடந்து கடந்தார்கள். பெண் ஏறிய தோணியில் ஒரு மாதத்துக்கு மீன் ஏறாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, அவ்வளவு நிச்சயமாகத் தெரியும். மீன்கூடை தலையில், தண்ணீர் இடுப்பில் என்று பல தலைமுறைப் பெண்கள் நடந்தார்கள். புயல் வந்து கால்வாயைத் தோண்டிவிட்டுப் போன பிறகு, தண்ணீர் நன்றாக இறங்கிய நேரத்தில் கழுத்தளவு. மற்ற நேரத்தில் ஆளுக்கு மேல்.

புயலுக்கு மறுவருஷம் தருமலிங்கத்தின் மனைவி ரங்கம்மாள் பிரசவத்தில் இறந்தாள். மருத்துவச்சி மரியம்மா எதிர்க்கரையில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். அன்று திட்டின் கரையில் மூன்று தோணிகள் சும்மா கிடந்தன. ரங்கம்மாளின் சாவைப் பேசும்போது யாரும் தோணிகளைப் பேசுவதில்லை. தண்ணீரைத்தான் பேசுவார்கள்.

தருமலிங்கம் எழுந்து நின்றார். ரங்கம்மாள் நீலமேகத்தின் தங்கை. அவள் மகள் தேவகியை நீலமேகத்தின் மகன் மாரிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே வயிற்றிலிருந்த பிள்ளை இரண்டு பேருக்கும் பேரப்பிள்ளை.

"கால்வாய் மேல ஒரு வாராவதி கட்டணும் மச்சான். மரியம்மா எந்நேரமும் நடந்து வர்ற மாதிரி."

மாரி, கூட்டத்தின் ஓரத்திலிருந்து, "பக்கத்து ஊரு தோணிரேவுல அர்ஜுனன் தன் தோணில பொம்பளைங்களை ஏத்திகினு போறான், நைனா. அவனுக்கும் மீன் வுழுந்துகினுதான் இருக்குது" என்றான்.

"அது தோணியாடா? மிதக்கற தொட்டில்." நீலமேகம் எழுந்து, முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகும் புருஷன் மாதிரி ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி நடந்து காட்டினார். "கால் பாத்து வைம்மா, கூடை பாத்தும்மா, இறங்கும்மா... தூ! அதுக்கு ஒரு மீசை வேற."

முப்பத்திரண்டு தலைக்கட்டும் சிரித்தது. மாரியும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

பாலம்தான், வாராவதிதான் என்று முடிவானது. தோணியில் ஒரு பெண்ணை ஏற்றுவதைவிட ஏரியின் மேல் ஒரு பாதை போடுவது சுலபம் என்று எல்லோருக்கும் பட்டது.

"கோட்டைல கேக்கணுமே" என்றார் தருமலிங்கம்.

"நம்ம தண்ணில கம்பு நட எவனைக் கேக்கணும்? தண்ணியே நம்மளைக் கேக்குது."

மறுநாள் நான்கு பனங்கால்கள் நட்டார்கள். மூன்றாம் நாள் கோட்டையிலிருந்து சிப்பாய்கள் படகில் வந்து நான்கையும் பிடுங்கினார்கள். யாரைக் கேட்டு நட்டீர்கள் என்று கேட்டார்கள். ஊர் நீலமேகத்தைப் பார்த்தது. நீலமேகம் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார்.

அதன் பிறகு தருமலிங்கம் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனார். அங்கே தமிழ் மனுக்களை எழுதி, துரைக்கு அவர் பாஷையில் சொல்பவர் வேதாசலம்.

"இன்னா வேணும்?"

"வாராவதி, சாமி."

"எதுக்கு?"

"பொண்ணுக்குப் பிரசவம்."

வேதாசலம் ஓலையில் 'ஊர் நன்மையின் பொருட்டு' என்று எழுதினார்.

"பிரசவம்னு எழுதலையா சாமி?"

"எழுதினா எந்த மாசம்னு துரை கேப்பார். மாசம் சொன்னா அதுக்குள்ள முடிக்கணும். இந்தக் கோட்டையில எதுவும் அதுக்குள்ள முடிஞ்சதில்ல. ஊர் நன்மைன்னா அவசரமில்ல பாரு."

மனு உள்ளே போனபோது தேவகிக்கு ஐந்து மாதம். முதல் கேள்வி வெளியே வந்தபோது ஆறு. அந்தக் கால்வாயில் போகும் பாய்மரங்களில் மிக உயரமானது எவ்வளவு உயரம் என்று துரைக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தப் பாய்மரங்கள் துரையினுடையவைதான். தருமலிங்கம் கோடு கீறிய மூங்கில் ஒன்றை வைத்துக்கொண்டு இருபது நாள் கரையில் நின்று, போகிற வருகிற படகையெல்லாம் அளந்தார். ஏழு ஆள் உயரம் என்று போய்ச் சொன்னார். அப்படியானால் வாராவதி எட்டு ஆள் உயரத்தில் கட்டலாம், ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்தது.

"எட்டு ஆள் உயரம் ஏறினா மரியம்மாவுக்கே ஒரு மருத்துவச்சி வேணும் சாமி" என்றார் தருமலிங்கம்.

வேதாசலம் பொல்லாதவர் அல்ல. அவரே ஒரு வழி சொன்னார். நடுவில் இரண்டு பனைகளை மட்டும் தூக்கி எடுக்கிற மாதிரி வைத்துவிடலாம். படகு வந்தால் ஒரு ஆள் நின்று எடுத்துவிடட்டும். ஏழாம் மாதத்தில் துரை அதற்குத் தலையாட்டினார். கால்களுக்கு நடுவே பத்து முழம் இடைவெளி இருக்க வேண்டும், கால்வாயில் படகுப் போக்குவரத்துக்கு எவ்விதத் தடையும் கூடாது, தடை ஏற்பட்டால் அனுமதி அப்போதே ரத்து. எல்லாம் சரி, ஆனால் எதிர்க்கரை நவாப்பின் நிலம். நவாப்பின் வரி அதிகாரியான அமுல்தாரைக் கேட்க வேண்டும்.

அமுல்தாரின் அலுவலகமான கச்சேரி பொன்னேரியில் இருந்தது. தருமலிங்கம் நான்கு முறை நடந்தார். அமுல்தாருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: வாராவதி எந்தக் கரையில் தொடங்கி எந்தக் கரையில் முடிகிறது? தொடங்கினால் ஒரு விதி, முடிந்தால் ஒரு விதி. நான்காம் முறை தருமலிங்கம் யோசித்து வைத்திருந்தார்.

"நடுவுல தொடங்குது சாமி. ரெண்டு பக்கமும் போவுது."

அமுல்தாருக்கு அது பிடித்திருந்தது. நடுவில் தண்ணீர், தண்ணீர் ஒல்லாந்தருடையது. தமக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று ஓலை கொடுத்தார்.

"தண்ணில கால் வைக்க ஓலை வாங்கின மொத மீன்புடிக்காரன் நீதான் மாப்ளே" என்றார் நீலமேகம். ஓலையை ஒரு முறை முகர்ந்தும் பார்த்தார்.

எட்டாம் மாதத்தில் பன்னிரண்டு ஜோடிப் பனங்கால்கள் கால்வாயில் இறங்கின. மாரி ஒவ்வொன்றுக்கும் முங்கி அடிமணலைத் தோண்டினான். கண் இரண்டும் சிவந்துபோய் வீட்டுக்கு வந்தான். மேலே போட வேண்டிய பனைகளும் பலகைகளும் கரையில் அடுக்கியாயிற்று. தேவகி ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்க வந்தாள்.

"நைனா, இந்த வேகத்துல போனா புள்ள பொறந்து, அதுவா நடந்து போயி மரியம்மாவைக் கூட்டிகினு வந்துடும்."

"இன்னும் நாலு நாளு வேலைதாம்மா. பலகை மட்டும்தான்."

"அம்மாவுக்கு இத்த கட்டியிருக்கலாம் இல்ல?"

தருமலிங்கம் பலகைகளை எண்ணினார். ஏற்கெனவே எண்ணியவைதான்.

மறுநாள் பௌர்ணமி. பாடு போடும் நாள்.

ஏரியில் எந்த இடத்தில் எந்தக் குடும்பம் என்றைக்கு வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வதற்குப் பாடு என்று பெயர். ஆளுக்கு ஒரு நாள், ஆளுக்கு ஓர் இடம்; அடிதடி கிடையாது. அந்த ஏற்பாட்டில் ஒரு பழைய விதி இருந்தது. சீட்டு நாளில் தண்ணீரில் நிற்கிற கம்பெல்லாம் பாட்டில் சேரும், அதாவது ஊருக்குப் பொதுவாகிச் சீட்டுக்கு வரும். எவனும் திருட்டுத்தனமாகத் தனக்கென்று கம்பு நட்டு மீன் பிடித்துவிடக் கூடாது அல்லவா? ஐந்து வருஷத்துக்கு முன்னால் வடிவேலு அப்படி நட்டபோது, இந்த விதியை எடுத்து உரக்கப் பேசி அவன் கம்புகளைப் பாட்டில் சேர்க்கவைத்தவர் தருமலிங்கம்.

பெயர் கீறிய ஓலை நறுக்குகள் பானையில் விழுந்தன. எல்லா இடமும் சொல்லி முடிந்ததும் வடிவேலு எழுந்தான்.

"கால்வாய்ல நிக்கறது?"

"அது வாராவதிக் காலு" என்றார் தருமலிங்கம்.

நீலமேகம் பாட்டின் பெரியவர். தீர்ப்பு அவருடையது. "தண்ணில நிக்குதா மாப்ளே?"

"நிக்குது."

"கம்புதானே?"

"பனை மச்சான்."

"பனை கம்பு இல்லன்னா வேற இன்னா, கருவாடா? வுட்டா நாளைக்கு ஆளாளுக்கு வாராவதின்னு நடுவான். விதின்னா விதி."

அந்த விதியைத் தருமலிங்கத்தைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லை.

கால்வாயில் முதல் நாள் வடிவேலு வீட்டுக்கு விழுந்தது. பனங்கால்களுக்கு நடுவே வலையைக் கட்டினான். தண்ணீர் இறங்கும்போது ஏரியின் இறால் மொத்தமும் கடலுக்குப் போக அந்த வழியாகத்தான் வந்தது. பத்து முழ இடைவெளி துரை படகுக்கென்று சொன்னது. இறாலுக்கும் அது மிகவும் பிடித்திருந்தது. தோணியின் விளிம்புவரை இறால். இப்படி ஒரு பாட்டை நடுத்திட்டு கண்டதில்லை.

பலகை போடலாமா என்று தருமலிங்கம் கேட்டார்.

"பலகை போட்டா நிழல் வுழும்ணே. நிழல் வுழுந்தா இறால் ஒதுங்கிடும்" என்றான் வடிவேலு. "எனக்கு முடிஞ்சிடுச்சி. எனக்கொண்ணும் இல்ல. அடுத்தவன் பொழப்பு பாரு."

அடுத்தவனைக் கேட்டார். "என் நாள் போயிடட்டும் மாமா. ஒரே நாள்." அதற்கடுத்தவனும் அதையேதான் கேட்டான். யாரும் வாராவதி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவனும் ஒரே ஒரு நாள்தான் கேட்டான். ஒரே ஒரு நாள் முப்பத்திரண்டு இருந்தது.

தருமலிங்கம் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நீலமேகத்தின் முன்னால் போய் நின்றார். கோட்டையில் நின்ற அதே நிற்பு; உடம்புக்குப் பழகிவிட்டிருந்தது.

"மச்சான், உன் மருமவ. உன் பேரப்புள்ள. நீ ஒரு வார்த்தை சொல்லு."

"சொல்லிடுவேன். பத்தொம்பது பேருக்குக் கிடைச்சி பதிமூணு பேருக்கு இல்லன்னா ஊர் ரெண்டாப் போவும். அவளுக்கு நாள் இருக்குது, பயப்படாதே. என் வூட்ல நான் பாத்துக்க மாட்டேனா?"

இருபதாம் நாள் தருமலிங்கத்தின் சொந்தப் பாடு. கட்டாமல் விட்டால் இன்னொருவன் கட்டுவான். பலகை எப்படியும் ஏறப்போவதில்லை. கட்டினார். ஒன்பது கூடை. சாயங்காலம் வீட்டில் இறால் கொதிக்கும் வாசனைக்குத் தேவகி எழுந்து உட்கார்ந்தாள்.

"நைனா, நீயுமா?"

"ஒரு நாள்தாம்மா" என்றார் தருமலிங்கம்.

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, பசித்ததால், சாப்பிட்டாள்.

இருபத்திரண்டாம் நாள் துணிமூட்டை ஏற்றிய கோட்டைப் படகு ஒன்று வலையில் மூக்கை நுழைத்துச் சாய்ந்தது. ஆள் சாகவில்லை; மூட்டைகள் நனைந்தன. அன்று மத்தியானமே சிப்பாய்கள் ரம்பத்தோடு வந்தார்கள். வலைகளை வெட்டினார்கள், கால்களை அறுத்தார்கள். வேதாசலம் படகில் உட்கார்ந்தபடியே ஓலையை வாசித்தார்.

"சாமி, நாங்க இன்னும் வாராவதி போடவே இல்லையே" என்றார் தருமலிங்கம், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு.

"அதனாலதான்யா. வாராவதியா இருந்தா உனக்கு அனுமதி இருக்குது. இது வலை. வலைக்கு அனுமதி இல்ல."

"திரும்பக் கேட்டா?"

வேதாசலம் ஓலையை மடியில் வைத்தார். "கேளு. ஊர் நன்மைன்னு எழுதித் தரேன்."

பன்னிரண்டு ஜோடிப் பனங்கால்களும் கோட்டைச் சமையற்கட்டுக்குப் போயின.

இருபத்து நான்காம் நாள் காலையில் தேவகிக்கு வலி வந்தது. தண்ணீர் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. மாரி கால்வாயை நீந்திப் போய் மரியம்மாவை அழைத்து வந்து எதிர்க்கரையில் நிறுத்தினான். அதற்கு மேல் அவனால் அழைத்து வர முடியவில்லை. அவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல்; நீந்தத் தெரியாது. அவள் துணிமூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"இன்னாய்யா, ரெண்டு தோணி கிடக்குதே, ஒண்ணைத் தள்ளுங்களேன்!"

கரையில் நின்ற ஆண்கள் தண்ணீரைப் பார்த்தார்கள்.

"பொம்பளைன்னு பாக்காதீங்கய்யா! கூடைன்னு நெனச்சிகினு ஏத்திக்குங்க!"

தருமலிங்கம் நீலமேகத்தின் தோணியிடம் போய்த் தோளைக் கொடுத்தார். மணலில் கிடக்கும் தோணியைத் தண்ணீரில் இறக்க ஆறு பேர் வேண்டும். மாரி நீந்தித் திரும்பி வந்து மறுபக்கம் தோளைக் கொடுத்தான். இரண்டு பேருக்குத் தோணி ஒரு சாண் நகர்ந்தது. பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை, தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எல்லோரும் நீலமேகத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

நீலமேகம் மணலில் குந்தியிருந்தார். வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. குடிசைக்குள்ளிருந்து தேவகி "மாமா" என்று இரண்டு முறை கூப்பிட்டது எல்லோருக்கும் கேட்டது.

"தண்ணி இறங்கற நேரந்தான்" என்றார் நீலமேகம். "இறங்கிடும்."

தண்ணீர் உச்சிவெயில்வரை ஏறியது. பிறகு அதன் இஷ்டத்துக்கு நின்றது. தருமலிங்கமும் மாரியும் தோணியை இன்னும் இரண்டு சாண் நகர்த்தினார்கள். உள்ளேயிருந்த பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். ஒரு கட்டத்தில் சத்தம் நின்றது. அது நல்லதா கெட்டதா என்று வெளியே யாருக்கும் தெரியவில்லை. வடிவேலுவின் மனைவி கோவிந்தம்மா வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் திரும்ப உள்ளே போனாள். அதில் தெரிந்தது.

வெயில் சாயும்போது தண்ணீர் கழுத்தளவுக்கு இறங்கியது. மாரி போய் மரியம்மாவின் கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தான். உள்ளே நடந்ததை அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் ஈரத்தோடு உள்ளே போய், ஈரம் காயும் முன் வெளியே வந்தாள்.

"ரெண்டு பேரும்" என்றாள்.

பிறகு, தண்ணீர் மறுபடி ஏறுவதற்குள் திரும்பிப் போக வேண்டும் என்றாள். போனாள். அதற்கு நேரம் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மாரி தன் அப்பாவுடன் பேசுவதை நிறுத்தியிருந்தான். தருமலிங்கம் அடுத்த மனுவுக்கு வேதாசலத்திடம் போகவில்லை. யார் கேட்டாலும் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். மீன்கூடைகளோடு ஒன்பது பெண்கள் கால்வாய் ஓரம் குந்தியிருந்தார்கள். சாயங்காலம் தண்ணீர் இறங்கும்போது, அதற்குள் கெட்டுவிடும் அந்த மீனை என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியாது. நீலமேகம் தனியாக வந்து தன் தோணிக்குத் தோளைக் கொடுத்தார். அவர் தோள் கொடுத்ததைக் கண்டதும் வடிவேலு வந்தான். இன்னும் நான்கு பேர் வந்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தோணி ஒரே தள்ளில் இறங்கியது. தன் குடிசை வாசலிலிருந்து தருமலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை.

நீலமேகம் கழியை ஊன்றித் தோணியைப் பெண்கள் இருந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இன்னாண்ணே?" என்றாள் கோவிந்தம்மா.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வடிவேலுவைப் பார்த்தார்கள். வடிவேலு காற்றைப் பார்த்தான். கோவிந்தம்மா எழுந்து, கூடையை இடுப்புக்கு மாற்றி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலைத் தோணிக்குள் வைத்தாள். பிறந்ததிலிருந்து தோணியில் கால் வைக்காதவள். தடுமாறினாள்.

நீலமேகம் தண்ணீரில் இறங்கி, தோணி ஆடாமலிருக்க விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கால் பாத்து வைம்மா" என்றார்.